60-க்கு மேல போனா ஹம்ம்முனு சத்தம்: டயரா, கியர் பாக்ஸா, பேரிங்கா?

கேள்வி: வணக்கம் அண்ணே. தூத்துக்குடியில ஸ்கூல் டீச்சரா இருக்கேன். எங்க வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் பெட்ரோல், 80,000 கி.மீ தாண்டிருச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டு வாசல்லயே மூணு நாள் தண்ணியில நின்ன வண்டி, பாதி வீலுக்கு மேல தண்ணி. அப்புறம் சர்வீஸ் பண்ணி ஓட்டிட்டுதான் இருக்கோம். இப்ப கொஞ்ச மாசமா 50, 60-க்கு மேல போனா ஹம்ம்முனு ஒரு சத்தம், ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறுது. ரோடு வலது பக்கமா வளையிற இடத்துல இன்னும் கூடுது, இடது பக்கம் வளைஞ்சா குறையுது. பக்கத்து சீட்டுல உக்கார்ற வீட்டுக்காரர் தன் காலுக்குக் கீழ இருந்து வருதுங்கிறார். ஸ்கூல் வாசல்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா டக் டக்னு வேற ஒரு சத்தம். மழை பெஞ்ச மறுநாள் காலைல பிரேக் பிடிச்சா க்ரீச்னு கத்துது. ஒரு மெக்கானிக் நாலு டயரையும் மாத்தணும்ங்கிறார், இன்னொருத்தர் கியர் பாக்ஸை இறக்கணும்ங்கிறார், மூணாவது ஆள் பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், ஓட்டுங்கன்னுட்டார். வாராவாரம் அம்மாவைப் பார்க்க மதுரைக்குப் போறேன். இதை வச்சுக்கிட்டு ஓட்டலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிடுறேன், இந்த வாரம் மதுரைக்கு பஸ்லயோ ரயில்லயோ போயிட்டு வந்துடுங்க, வண்டியை பார்க்காம ஹைவேல ஏத்தாதீங்க. ஊருக்குள்ள மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டுபோறதுல தப்பில்ல. நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா இடது முன் வீல் பேரிங் (வீல் லேசா சுத்துறதுக்காக உள்ள இருக்கிற இரும்பு உருண்டை வளையம்) போயிருக்குன்னுதான் எனக்குப் படுது, அந்த டக் டக் தனி விஷயம், அது டிரைவ் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸ்ல இருந்து வீலைச் சுத்துற தண்டோட ஜாயிண்ட், பிரேக் சத்தத்துக்கு நீங்க பயப்பட வேண்டியதே இல்ல. ஏன் இப்படிச் சொல்றேங்கிறதை விளக்கமா சொல்றேன், ஏன்னா நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல போய் நிக்கும்போது அவங்க சொல்றதை நீங்களே எடை போட்டுப் பார்க்கணும், மூணு பேரு மூணு விதமா சொன்னா யாரை நம்புறதுன்னு தெரியாம பணத்தை இழக்கிறவங்கதான் அதிகம்.

வண்டியில ஒரு சத்தம்னா அது எப்படி இருக்குங்கிறதை விட எப்ப வருதுங்கிறதுதான் முக்கியம். ஒருத்தர் ஹம்முனு சொல்றதை இன்னொருத்தர் ஊய்ங்குனு சொல்வார், அதை வச்சு ஒண்ணும் பிடிக்க முடியாது. ஆனா இன்ஜின் வேகத்தோட ஏறுதா, வண்டி வேகத்தோட ஏறுதா, வளைஞ்சா மாறுதா, பிரேக் பிடிச்சா வருதா, பள்ளத்துல மட்டும் வருதா, இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரிதான். நீங்க இதுல பாதியை நீங்களாவே கவனிச்சு எழுதியிருக்கீங்க, வளையும்போது கூடுது குறையுதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரி எனக்கு ரொம்ப பெரிய உதவி.

வண்டி வலது பக்கம் வளையும்போது பாடியோட வெயிட் இடது பக்க வீல் மேல சாயும். அப்ப இடது பேரிங் மேல லோடு கூடும், அதுல குழி விழுந்திருந்தா சத்தம் கூடும். இடது பக்கம் வளைஞ்சா வெயிட் வலது பக்கம் போயிடுது, இடது பேரிங்குக்கு லோடு குறையுது, சத்தமும் அடங்குது. எல்லா வண்டியிலயும் எப்பவும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பாது. உங்க வீட்டுக்காரர் தன் காலுக்குக் கீழேன்னு சொல்றதும் ஒத்துப்போகுது. அதை மட்டும் வச்சு முடிவு பண்ணியிருந்தா நான் தயங்கியிருப்பேன், ஏன்னா சத்தம் பாடி வழியா எங்கயோ போய் எங்கயோ கேட்கும், பின் வீல் பேரிங் சத்தம் டேஷ்போர்டுல இருந்து வர்ற மாதிரி கேட்கிறதெல்லாம் சகஜம்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்கு. பகல்ல, ஆள் வண்டி இல்லாத நேரான ரோட்டுல, பக்கத்துல ஒருத்தரை வச்சுக்கிட்டு 60-ல போங்க, சத்தம் வந்ததும் கிளட்ச் அழுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சை விடுங்க. இன்ஜின் சத்தம் இறங்கி ஐடிலுக்கு வந்துடும். அப்பவும் அந்த ஹம் அப்படியே இருந்து, வண்டி வேகம் குறையக் குறைய மட்டும் அது குறைஞ்சா, இன்ஜின்ல இல்ல, ஃபேன் பெல்ட்ல இல்ல, சைலன்சர்ல இல்ல, வீலோட சுத்துற ஏதோ ஒண்ணுதான். ஒரே ஒரு விஷயம், எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணிப் பார்க்காதீங்க. பவர் ஸ்டியரிங் போயிடும், பிரேக் பெடலை லேசாக்குற பூஸ்டரோட உதவி ரெண்டு மூணு மிதியோட தீர்ந்துடும், சாவி ஒரு ஸ்டெப் கூடுதலா போச்சுன்னா ஸ்டியரிங் லாக் ஆயிடும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிப் பாருங்கன்னு யார் சொன்னாலும் செய்யாதீங்க.

இனி டயர்காரர் சொன்னதைப் பார்ப்போம். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்ல, ஒழுங்கா தேயாத டயர் அச்சு அசலா பேரிங் மாதிரியேதான் ஹம் அடிக்கும். அலைன்மெண்ட் (வீல் நிக்கிற கோணம்) விட்டுப்போயிருந்தாலோ ஷாக் அப்சார்பர் செத்திருந்தாலோ டயர்ல கட்டை கட்டையா ஏற்ற இறக்கம் விழுந்துடும். டயர் மேல உள்ளங்கையை வச்சு முன்னும் பின்னும் தடவிப் பாருங்க, ஒரு திசையில வழுவழுன்னு போய் எதிர்த் திசையில கையை உரசுச்சுன்னா டயர்லதான் கோளாறு. தேஞ்ச டயர்ல கம்பி நீட்டிட்டு இருக்கலாம், துணியால முதல்ல ஒரு துடை துடைச்சுட்டுத் தடவுங்க. இன்னொண்ணு, டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், புது தார் ரோட்டுல அடங்கும், காங்கிரீட் ரோட்டுல கத்தும், பேரிங் சத்தம் ரோடு எதுவானாலும் பெருசா மாறாது. இதுக்கும் மேல சந்தேகம்னா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. சத்தம் டயரோட இடம் மாறுச்சுன்னா டயர், அங்கயே நின்னுச்சுன்னா பேரிங். எப்படியும் 8,000, 10,000 கி.மீக்கு ஒருதடவை டயரை மாத்திப் போடணும்தான், அதனால இந்த டெஸ்ட்டுக்குச் செலவழிக்கிறது வீணாப் போகாது. இதைக்கூட செய்து பார்க்காம நாலு டயரையும் மாத்தச் சொல்றது எனக்குக் கோபம் வர்ற விஷயம், ஒரு பேரிங் போட்டா தீர்ற வேலைக்கு நாலு டயர் காசை வாங்கிட்டு, அதுக்கப்புறமும் சத்தம் போகாம நீங்க திரும்பப் போய் நிக்கணும்.

கியர் பாக்ஸ் விஷயத்தை மட்டும் நான் ஒரேயடியா தள்ள மாட்டேன், காரணம் உங்க வண்டி வெள்ளத்துல நின்ன வண்டி. கியர் பாக்ஸுக்கு மூச்சு விடுறதுக்குன்னு மேல ஒரு சின்ன துவாரம் இருக்கும், தண்ணி அது வரைக்கும் ஏறியிருந்தா உள்ள போக வாய்ப்பு இருக்கு, ஆக்சில் சீல் வழியாகவும் போகலாம். உள்ள டிஃபரன்ஷியல்னு, ரெண்டு வீலுக்கும் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற பாகம் இருக்கு, அதோட பேரிங்கும் வண்டி வேகத்தோடதான் சுத்தும், அதனால நியூட்ரல் டெஸ்ட்ல அதை ஒதுக்க முடியாது. ஆனா இதுக்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லையே. அடியில இருக்கிற டிரெயின் போல்டைக் கழட்டி கியர் ஆயிலைக் கொஞ்சம் பாருங்க. பால் கலந்த டீ கலர்ல இருந்தா தண்ணி போயிருக்கு, போல்டு காந்தத்துல மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தா சாதாரணத் தேய்மானம், செதில் செதிலா இரும்பு ஒட்டியிருந்தா உள்ள ஏதோ தேயுது. ஆயில் சுத்தமா இருந்துச்சுன்னா கியர் பாக்ஸ் பேச்சை அதோட விட்டுடலாம். வெள்ளத்துக்கப்புறம் சர்வீஸ் பண்ணினப்போ கியர் ஆயில் மாத்தினாங்களான்னு பில்லை எடுத்துப் பாருங்க, நிறைய இடத்துல இன்ஜின் ஆயிலை மட்டும் மாத்திட்டு இதை விட்டுடுறாங்க. மாத்தலைன்னா எப்படியும் இப்ப மாத்திடுங்க.

அந்த வெள்ளம் பத்தி ஒண்ணு சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ மழை கொட்டுச்சு, தூத்துக்குடி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வீடு முழுகிக் கிடந்தப்போ வண்டியை யார் பார்த்தா. அப்ப எல்லாரும் இன்ஜின், சீட்டு, வயரிங்னு பார்த்துச் சரி பண்ணினாங்க, வீல் பேரிங்கை யாரும் நினைக்கலை, ஏன்னா அன்னைக்கு அது சத்தம் போடாது. பேரிங்குக்குள்ள கிரீஸ் ஃபேக்டரியிலயே அடைச்சு ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டு வருது, தெறிக்கிற தண்ணியை அந்த சீல் தாங்கும், நாள் கணக்குல முழுகிக் கிடந்தா தாங்காது. உள்ள போன தண்ணி கிரீஸைக் கெடுக்கும், உருண்டைங்க ஓடுற அந்தப் பாதையில துரு புள்ளி வைக்கும், அது மேல தினம் உருண்டைங்க ஓடி ஓடி புள்ளி குழியாகும், குழிதான் ஹம்முனு கேட்குது. மாசக்கணக்கா, சில வண்டியில வருஷக்கணக்கா ஆகும் வெளியில தெரிய. கடலோர ஊர், உப்புக்காத்து வேற. சில பேர் கிரீஸ் வச்சா சரியாயிடும்னு சொல்வாங்க, உங்க வண்டி முன் பேரிங் சீல் பண்ணின ரகம், வெளியில இருந்து கிரீஸ் வைக்க வழியே கிடையாது, குழி விழுந்தப்புறம் கிரீஸால குழியும் மூடாது.

ஒர்க்‌ஷாப்புல என்ன பார்க்கச் சொல்லணும்னா, வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, இல்லைன்னா ஜாக்கி வச்சு அடியில கண்டிப்பா ஸ்டாண்டு கொடுத்து, முன் வீலை மேல ஒரு கை கீழ ஒரு கை பிடிச்சு உள்ளயும் வெளியிலயும் ஆட்டிப் பார்க்கணும். ஆட்டம் இருந்தா பேரிங், சில நேரம் பால் ஜாயிண்டாவும் (சஸ்பென்ஷனோட மூட்டு) இருக்கலாம், ஒருத்தர் பிரேக் மிதிச்சுப் பிடிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங்தான். அதே வீலை இடம் வலமா பிடிச்சு ஆட்டினா மட்டும் ஆட்டம் வருதுன்னா டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங்கை வீலோட இணைக்கிற மூட்டு. ஆட்டம் இல்லைங்கிறதால பேரிங் நல்லா இருக்குன்னு விட்டுடக் கூடாது, நிறைய பேரிங் ஆட்டமே இல்லாமதான் கத்தும். ஒரு கையால வீலைச் சுத்திவிட்டு இன்னொரு கையை சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங் மேல வைக்கச் சொல்லுங்க, கெட்ட பேரிங்கோட கரகரப்பு ஸ்பிரிங் வழியா கைக்குத் தெளிவா வரும், காதுக்குக் கேட்காததைக்கூட கை சொல்லிடும். நாலு வீலையும் இப்படிப் பார்க்கணும், நாலும் அதே தண்ணியிலதானே நின்னுச்சு. வலது பக்கமும் லேசா கரகரன்னு இருந்தா அன்னைக்கே சேர்த்து மாத்திடுங்க, சுத்தமா இருந்தா தொட வேண்டாம், ஜோடியா மாத்தியே ஆகணும்னு பேரிங்குக்குச் சட்டம் எதுவும் இல்ல.

மாத்துற விதத்துலதான் எனக்கு ரொம்பக் கவலை. இந்த வண்டியில முன் பேரிங் நக்கிளுக்குள்ள (வீலைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பாகம்) இறுக்கமா உக்காந்திருக்கும், அதை ஹைட்ராலிக் பிரஸ் வச்சுதான் எடுக்கணும், வச்சுதான் ஏத்தணும். பிரஸ் இல்லாத இடத்துல சுத்தியலால தட்டி ஏத்துவாங்க, அந்த ஒவ்வொரு அடியும் புது பேரிங்குக்குள்ள உருண்டை தடம் பதிக்கும், ரெண்டு மூணு மாசத்துல அதே ஹம் திரும்ப வந்து நிக்கும், அப்ப பேரிங் கம்பெனியைத் திட்டுவாங்க. நக்கிளுக்குள்ள ஏத்தும்போது வெளி வளையத்தை அழுத்தணும், ஹப்பை, அதாவது வீல் மாட்டுற பாகத்தை, ஏத்தும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்கணும், தப்பா அழுத்தினா லோடு உருண்டை வழியா போய் அப்பவே கெட்டுடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம பார்த்துக்கிற சிஸ்டம்) இருக்கிற வண்டியில பேரிங்கோட ஒரு பக்க சீல்ல காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் பார்த்து உக்காரணும், திருப்பிப் போட்டுட்டா ஏபிஎஸ் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், திரும்பக் கழட்டினா அந்த பேரிங் குப்பைக்குத்தான். ஆக்சில் நட்டு புதுசு போடச் சொல்லுங்க, டார்க் ரென்ச்னு அளவு பார்த்து இறுக்குற ஸ்பேனர் வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கணும், நட்டை இறுக்காம வண்டியைத் தரையில இறக்கி உருட்டக் கூடாது. இதெல்லாம் கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு தயங்காதீங்க டீச்சர், வேலை தெரிஞ்சவங்க இப்படிக் கேட்கிற ஆளைப் பார்த்தா சந்தோஷம்தான் படுவாங்க. உங்க ஒர்க்‌ஷாப்புல பிரஸ் இல்லைன்னா பரவாயில்ல, நக்கிளைக் கழட்டி லேத்து பட்டறையில கொடுத்து ஏத்திட்டு வரலாம். நக்கிள் கழட்டினா கடைசியில வீல் அலைன்மெண்ட் பார்த்துடணும். பேரிங் நல்ல கம்பெனி பேக்கிங்ல, பில்லோட வாங்குங்க, டூப்ளிகேட் நிறைய நடமாடுது. பழசை உங்க கையில கேட்டு வாங்கி விரலால சுத்திப் பாருங்க, கரகரன்னு நெருடுச்சுன்னா சரியான பார்ட்டைத்தான் மாத்தியிருக்காங்க.

தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்லிடுறேன், ஏன்னா அந்த மூணாவது ஆள் ஓட்டுங்கன்னு சொல்லியிருக்கார். பேரிங் சூடாகும், ஆட்டம் வரும், டிஸ்க் ஆடி பிரேக் பேடை உள்ள தள்ளிடும், அப்ப பிரேக் பெடல் வழக்கத்தை விட ஆழமா போகும், ஏபிஎஸ் லைட் விட்டு விட்டு எரியும், ஸ்டியரிங்ல நடுக்கம் வரும். இந்த நிலைக்கு வந்தப்புறம் எட்டயபுரம், அருப்புக்கோட்டை தாண்டி அந்த நாலு வழி ரோட்டுல 90-ல குடும்பத்தோட போறது எவ்வளவு ஆபத்துன்னு நினைச்சுப் பாருங்க. பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்ங்கிற பேச்சை நான் ஒத்துக்கவே மாட்டேன், 80,000 கி.மீ அந்த வண்டிக்கு ஒரு வயசே இல்ல.

டக் டக் விஷயம் சுலபம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வர்ற, வீல் சுத்துக்கு ஏத்த மாதிரி வேகமாகிற டக் டக் டிரைவ் ஷாஃப்ட்டோட வெளி ஜாயிண்ட்தான். அதை மூடி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பூட் இருக்கும், அது கிழிஞ்சா கிரீஸ் வெளிய சிதறி மண்ணு உள்ள போயிடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு நிறுத்திட்டு, வீலுக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாருங்க, ரிம்மோட உள்பக்கம் கறுப்பா கிரீஸ் தெறிச்சிருந்தா கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் பாருங்க. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பார்த்திருந்தா அந்த ரப்பர் பூட், கிரீஸ் ரெண்டை மட்டும் மாத்தியிருந்தா போதும், சத்தம் வந்துட்டதால ஜாயிண்டையே மாத்த வேண்டியிருக்கும். பேரிங்குக்காக ஆக்சில் நட்டைக் கழட்டும்போது ஷாஃப்ட்டும் கைக்கு வந்துடும், ஒரே லேபர்ல ரெண்டு வேலையும் முடிச்சுக்கோங்க, தனித்தனியா ரெண்டு தடவை கூலி கொடுக்காதீங்க.

மழைக்கு மறுநாள் பிரேக் கத்துறது டிஸ்க் மேல ராத்திரியில படிஞ்ச மெல்லிய துரு, ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சதும் போயிடும். போகாம நாள் முழுக்க கீச்சுனு கேட்டா பேட் தேஞ்சு அதுல இருக்கிற எச்சரிக்கைத் தகடு உரசுதுன்னு எடுத்துக்கணும், பேட் 3 மி.மீ வந்தா மாத்திடணும். பிரேக் பிடிக்கும்போது கரகரன்னு இரும்போட இரும்பு உரசுற சத்தம் வந்தா அதோட வண்டியை ஓரம் கட்டணும், அதுல பேரம் கிடையாது. பின்னாடி டிரம் பிரேக்கை வெள்ளத்துக்கப்புறம் கழட்டி சுத்தம் பண்ணலைன்னா உள்ள வண்டல் உக்காந்திருக்கும், அதையும் இந்தத் தடவையே திறந்து பார்த்துடுங்க.

வேற சத்தங்கள் பத்தியும் நிறைய பேர் கேட்கிறதால சுருக்கமா சொல்லிடுறேன். சின்னச் சின்ன மேடு பள்ளத்துல கடகடன்னு வந்தா முதல்ல லிங்க் ராடைப் பாருங்க, அடுத்து லோயர் ஆர்ம் புஷ். நின்ன இடத்துல ஸ்டியரிங் திருப்பினா டொய்ங்குனு வந்தா ஷாக் அப்சார்பர் மேல இருக்கிற மவுண்ட். காலைல ஸ்டார்ட் பண்ணினதும், ஏசி போட்டதும் வீச்சுனு வந்தா ஃபேன் பெல்ட். கிளட்ச் அழுத்தினா வர்ற சத்தம் ரிலீஸ் பேரிங், நியூட்ரல்ல வந்து கிளட்ச் அழுத்தினா நிக்கிற சத்தம் கியர் பாக்ஸ் பேரிங். வீல் கழட்டி மாட்டின அன்னைக்கே டொக் டொக்னு கேட்டு வேகத்தோட கூடுச்சுன்னா வீல் நட்டு லூஸ், உடனே நிறுத்தி ஸ்பேனர் வச்சுப் பாருங்க. ஆயில் லைட் எரிஞ்சு இன்ஜின்ல டக்டக்னு கேட்டா அந்த நிமிஷமே ஓரம் கட்டி ஆஃப் பண்ணணும், இன்னும் ஒரு கி.மீ தானேன்னு ஓட்டினா இன்ஜின் போயிடும்.

ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி, சத்தம் வரும்போது உங்க வீட்டுக்காரரை போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ஸ்பீடோமீட்டரும் சத்தமும் சேர்ந்து பதிவாகட்டும், ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப், கண்ணாடி மேல ஏத்தி இருக்கட்டும். மெக்கானிக்கை வெறுமனே சாவியைக் கொடுத்து அனுப்பாதீங்க, அவரைப் பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஓட்டி எந்த வேகத்துல, எந்த வளைவுல வருதுன்னு காட்டுங்க. வேலை முடிஞ்சதும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அதே ரோட்டுல அதே வேகத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, மறுபடி வீடியோ எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஹம் முழுசா போயிருந்தா அடுத்த வாரம் மதுரைக்குத் தாராளமா வண்டியிலயே கிளம்பலாம், பாதி குறைஞ்சு மீதி இருந்துச்சுன்னா டயரை முன்னும் பின்னும் மாத்திப் போட்டுப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.